சுவர்தாவு

ஓர் ஊர் கிளம்பி வந்து இன்னோர் ஊரின் வாசலில் நின்றது என்றால் நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், கட்டாயம் ஒன்றுமில்லை. ஆனால் தஞ்சோங் ரிமாவ் பக்கம் போகிறவர்கள் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள், முதலில் பூங்காவனத்தின் பருப்பு வடையைப் பற்றித்தான் சொல்வார்கள், அதன் மொறுமொறுப்பைச் சொல்லி, கூடக் கடித்துக்கொள்ளக் கொடுக்கும் பச்சை மிளகாயையும் சொல்லி முடித்த பிறகுதான் ஊர் வந்த விஷயத்துக்கே வருவார்கள். வந்தது வந்துவிட்டது, அதைப் போய் என்ன பெரிதாகப் பேசுவது என்பது அவர்கள் நினைப்பு. நமக்கு அப்படி இல்லை, நாம் முதலிலிருந்து வருவோம்.

பூங்காவனம் பிறப்பால் சீனத்தி, வளர்ப்பால் தமிழச்சி. அந்தக் காலத்து மலாயாவில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. பெண் பிள்ளைகள் கூடிப்போய்ச் சோறு போட வழியில்லாத சீன வீட்டார் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து தமிழ் வீட்டில் கொடுப்பார்கள், தமிழ் வீட்டார் வெற்றிலை, பாக்கு, தேங்காய், புதுச் சேலை எல்லாம் தட்டில் வைத்துச் சம்பந்தி வீட்டுக்குச் செய்வதுபோல் செய்து பிள்ளையை வாங்கிக்கொள்வார்கள், காது குத்துவார்கள், பூ வைப்பார்கள், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க வைப்பார்கள், அதற்குப் பிறகு அந்தக் கண்ணையும் மூக்கையும் பார்த்து யாராவது ஏதாவது கேட்டால் கேட்டவர் மரியாதை காற்றில் பறக்கும். அப்படித்தான் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் குடும்பத்து மாரியாயி அம்மாள், சடையப்பன் என்ற தன் மகனுக்கு ஒரு தங்கச்சி வேண்டும் என்று பூங்காவனத்தை வாங்கிக்கொண்டாள்.

வாங்கிய அன்று நடந்ததை மாரியாயி சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள், மாவாட்டும்போது சொல்வாள், தலை வாரும்போது சொல்வாள். "உங்கம்மா நல்ல பொம்பளதான். சிவப்புச் சுங்குடிச் சேலை ஒண்ணு வச்சுக் கொடுத்தேன், அத நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஓன்னு அழுதா. எங்க போறேன்னு கேட்டேன். கடல் பக்கம் கையக் காட்டிச் சுவர் தாவுன்னா. அடி மக்கு, வாசல் இருக்கையில எதுக்குச் சுவர் தாவணும்னேன். மறுபடியும் சுவர் தாவுன்னா. போறேன் போறேன்னு தெரிஞ்ச தமிழ்ல சொன்னா. போறேன்னு சொல்லப்படாது, போயிட்டு வாரேன்னு சொல்லும்மான்னு சொல்லிக் கொடுத்தேன். அதையே திருப்பித் திருப்பிச் சொன்னா, கொழந்தையப் பாத்து, என்னயப் பாத்து, சொவத்தப் பாத்து. காலையில பாத்தா ஆளக் காணோம். சொன்ன மாதிரியே தாவிட்டா."

சுவர் என்று அவள் சொன்னது சந்தின் கடைசியில் கடலைத் தடுத்துக்கொண்டு நிற்கும் நெஞ்சளவுக் கல் சுவர். சந்துக்கும் பெயர் சுவர்தாவுச் சந்து. யார் வைத்தார்களோ தெரியாது, அங்கே குடியிருந்த தமிழர்கள் கல்யாணப் பத்திரிகையிலும் கருமாதிப் பத்திரிகையிலும் அப்படித்தான் அச்சடித்தார்கள், எவனோ ஒரு திருடன் அந்தச் சுவரைத் தாவி ஓடியதாக ஒரு கதையும் கட்டி வைத்திருந்தார்கள். சந்து முனையில் இருந்த தகட்டில் இங்கிலீஷ் எழுத்தில் என்னமோ எழுதியிருந்தது, படித்தவர்கள் அதைச் சுவாட்டோ என்று வாசித்தார்கள். சீனர்களோ அவர்கள் பாஷையில் கோப்பிக்கடைச் சந்து என்றார்கள். ஒரே சந்துக்கு மூன்று பெயர், ஒருத்தர் பெயரை இன்னொருத்தர் காது கொடுத்துக் கேட்டதில்லை.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "உங்கம்மா சொவரு தாவி ஓடுனதாலதான்டி இந்தச் சந்துக்கே இந்தப் பேரு" என்று பள்ளிக்கூடத்தில் பூங்காவனத்தைக் கேலி செய்தார்கள். அவள் அடித்தாள், கடித்தாள், கிள்ளினாள், வீட்டுக்கு வந்து அழுதாள். வளர்ந்து, கல்யாணம் கட்டி, பிள்ளைகளைக் கரையேற்றி, புருசனையும் அனுப்பி வைத்துவிட்டு, அதே சந்து முனையில் ஒட்டுக்கடை போட்டு வடை சுட்டு அறுபதைத் தொட்ட பிறகும் அந்தக் கோபம் மட்டும் எண்ணெயில் போட்டதுபோல் பொரிந்துகொண்டே இருந்தது. என்றைக்காவது எதிரே வந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன், ஏன் சுவர் தாவின என்று கேட்பேன், வேறு ஒன்றும் வேண்டாம் என்பாள்.

இப்படி இருக்கையில் நகராட்சி உறுப்பினர் சேதுநாதன் ஒரு நாள் ஏணியும் ஆளும் கூட்டிக்கொண்டு வந்து தகட்டைக் கழற்றினார். வெள்ளை வேட்டிக்கு இஸ்திரி போட்டதுபோல் பேசுகிற மனிதர். "சீனாக்காரனே மாத்திட்டான்யா. பீக்கிங் இப்ப பெய்ஜிங், கேன்டன் இப்ப குவாங்சோ, அமோய் இப்ப சியாமென், சுவாட்டோ இப்ப சான்தோ. நாம மட்டும் வெள்ளக்காரன் எழுதி வச்சத மாட்டிக்கிட்டு இருந்தா ஒலகம் சிரிக்கும்" என்றார். புதுத் தகட்டில் புது எழுத்து பளபளத்தது. எழுத்துக்கூட்டிப் படித்த நம் ஆட்களுக்கு அது சாந்து என்று வந்தது.

"சாந்துச் சந்தா? பொட்டு விக்கப் போறீங்களா?" என்று பூங்காவனம் கேட்டாள்.

சேதுநாதன் வடையை வாங்கிக்கொண்டு ஏணியோடு கிளம்பினார்.

மறுநாள் விடிந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நகரம் நின்றது.

கப்பல் இல்லை, தீவும் இல்லை, முழு நகரம். தண்ணீர்மேல் தெருவும் தூணும் மாடியும் வளைவுமாக நின்றது, அடுப்புப் புகை வந்தது, சேவல் கூவியது, ரிக்‌ஷா ஓடியது, பொம்பளைகள் மாடி வாசலில் உட்கார்ந்து வெள்ளைத் துணியில் பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள், ஆம்பளைகள் கட்டைவிரல் அளவுக் கிண்ணத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள், துணி காயும் மூங்கில்கள் தெருவுக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தன. அதன் துறைக் கட்டடத்து நெற்றியில் சந்து முனையிலிருந்து கழற்றிய அதே எழுத்துகள், இரண்டு டபிள்யூவோடு, ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தன.

முதலில் மீன்பிடிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள், வலை போடும் இடத்தில் ஊரைக் கொண்டுவந்து நிறுத்தினால் நாங்கள் எங்கே போவது என்றார்கள். பிறகு அந்த ஊரின் தூண் நிழலில் கெளுத்தியும் சிறையாவும் கூட்டம் கூட்டமாய் ஒதுங்குவதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். துறைமுகத்தார் நிறுத்துக் கட்டணம் யாரிடம் கேட்பது என்று கூட்டம் போட்டார்கள். அம்மன் கோயில் கமிட்டியும் சீனக் கோயில் கமிட்டியும் வந்த விருந்தாளி யாருடைய விருந்தாளி என்று முறைத்துக்கொண்டு, கடைசியில் இரண்டு பேரும் தனித்தனியாகத் தோரணம் கட்டினார்கள். சந்துப் பெண்கள் சாயந்தரமானால் சுவரில் கை ஊன்றிக்கொண்டு, அந்த மூணாவது மாடிக்காரி திரைச்சீலையைத் துவைக்கவே மாட்டாள் போலிருக்கிறது, பாவம் அந்தப் பச்சைச் சட்டைக்காரன் இன்றைக்கும் பெண்டாட்டியிடம் திட்டு வாங்குகிறான் என்று பேசிக்கொள்ளும் அளவுக்கு அந்த ஊர் பழகிப்போய்விட்டது.

ஒரே ஒரு குறை. அதை எட்ட முடியவில்லை. படகு போட்டுத் துடுப்புத் தள்ளினால் தள்ளத் தள்ள அது அங்கேயேதான் நின்றது, கிட்டேயும் வரவில்லை, தள்ளியும் போகவில்லை. "கூப்பிடு தூரத்துலதான் இருக்கு, ஆனா கைக்குக் கிடைக்க மாட்டேங்குது" என்று சடையப்பன் வந்து சொன்னார். துறைமுகத்தில் மேஸ்திரியாக இருந்து கிரேனுக்கே குரல் கொடுத்த மனிதர், இப்போது ஓய்வு. தங்கச்சி கடையில் ஓசி வடை சாப்பிடுவதுதான் வேலை.

இன்னொரு சங்கடமும் நாள் போகப் போகத் தெரிந்தது. அந்த ஊர் வெளுத்துக்கொண்டு வந்தது. முதலில் ஓரத்துத் தெருக்கள், பிறகு மாடிகள், பிறகு துணிகளின் நிறம், வெயிலில் போட்ட சாயச் சேலைபோல் நாளுக்கு நாள் மங்கியது.

எதிர்க் கோப்பிக்கடை முதலாளி, ஊர் வாயில் தவுக்கே, அவருக்கு அது பொறுக்கவில்லை. அவர் பெயர் தே கூ, நம் ஆட்கள் வாயில் தேக்கு. பெயருக்கு ஏற்ற முதுகு, எழுபது வயசிலும் வளையவில்லை. தமிழ் நம்மைவிட வேகமாகப் பேசுவார். வடைக் கடை பெஞ்சில் சேதுநாதனைப் பிடித்து உட்கார வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"என்னா பேசுறீங்க ஐயா? சான்தோ சான்தோங்கிறீங்க. சான்தோ அங்கதான் இருக்கு, போன வருஷம் போய்ப் பாத்துட்டு வந்தேன், நல்லா இருக்கு, பாலம் கட்டிட்டாங்க, வானத்தத் தொடற கட்டடம். இது அது இல்ல. இது பழைய எழுத்துல இருந்த ஊரு. எங்க ஆளுங்க வாயால சொன்னத வெள்ளக்காரன் காதால கேட்டு எழுதுனான் பாருங்க, அந்த எழுத்துல குடியிருந்த ஊரு. மேப்புல எடுத்துட்டாங்க, கப்பல் டிக்கெட்டுல எடுத்துட்டாங்க. பீக்கிங்குக்காவது பீக்கிங் வாத்துன்னு ஒரு கறி இருக்கு, ஓட்டல் பலகையில பேரு பொழச்சுக்கிச்சு. இதுக்கு என்னா இருந்துச்சு? நம்ம சந்துத் தகடு ஒண்ணுதான். அதையும் கழட்டிட்டீங்க. எங்க போகும்? இங்கதான் வரும்!"

சேதுநாதன் கையில் இருந்த மிளகாயைக் காம்போடு கடித்துவிட்டார்.

"வந்ததக் கூப்பிடணும்" என்றார் தேக்கு. "வீட்டு வாசல்ல ஒருத்தர் வந்து நின்னா, வாங்கன்னு கூப்பிடாம அவங்க எப்படி உள்ள வருவாங்க? பேரச் சொல்லிக் கூப்பிடணும். பௌர்ணமியன்னிக்குக் கடல் வத்தும்போது இழுக்கிற இழுப்புக்கு நிக்காது. அதுக்குள்ள கூப்பிடணும்."

இதெல்லாம் பூங்காவனத்தின் காதில் விழுந்தும் விழாத மாதிரிதான். காரணம் இருந்தது. அந்த ஊரின் துறை ஓரத்து வீடு ஒன்றில், நீலமும் கறுப்புமாகக் காயும் சட்டைகளுக்கு நடுவில், ஒரு மூங்கிலில் தினமும் காலையில் ஒரு சிவப்புச் சேலை தொங்கியது. சுங்குடி. வெள்ளைப் புள்ளி இங்கிருந்தே தெரிந்தது. அதைக் காயப் போடுகிறவள் இருபத்தைந்துக்கு மேல் இருக்கமாட்டாள், போட்டுவிட்டு நெற்றியில் கை வைத்து இந்தச் சந்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். சடையப்பன் ஒரு நாள் மெதுவாக, "தங்கச்சி, அந்தச் சேல..." என்று ஆரம்பித்தார்.

"எவ வீட்டுச் சேலயோ. ஒலகத்துல ஒரே சுங்குடிதான் இருக்கா?" என்று பூங்காவனம் கரண்டியைத் தட்டினாள். அன்றைக்குச் சுட்ட வடை அத்தனையும் கருகியது. அண்ணன் கருகியதையே எடுத்துச் சாப்பிட்டார்.

பௌர்ணமி வந்தது. அந்த வருஷம் மாசி மகமும் சீனப் புத்தாண்டின் கடைசி நாளான சாப் கோ மேயும் ஒரே நாளில் விழுந்தன. அம்மன் தீர்த்தமாட வந்திருந்தாள், நாதஸ்வரம் ஒரு பக்கம், சிங்க நடனத்து மேளம் ஒரு பக்கம், கல்யாணமாகாத சீனப் பெண்கள் நல்ல மாப்பிள்ளை வேண்டிக் கடலில் ஆரஞ்சு வீச வந்திருந்தார்கள், அந்த ஆரஞ்சைப் பொறுக்கத் தமிழ்ப் பையன்கள் வந்திருந்தார்கள், ஊரே சுவர் ஓரம்தான் நின்றது. சூரியன் இறங்க இறங்கக் கடல் வற்றத் தொடங்கியது, அந்த நகரம் கண்ணாடித் துண்டுபோல் ஒளி ஊடுருவும்படி வெளுத்துப்போய் ஆடியது. சிவப்புச் சேலை மட்டும் கடைசிப் பொட்டாகத் தெரிந்தது.

சேதுநாதன் தாம்தான் கூப்பிடவேண்டும் என்று ஒலிபெருக்கியை வாங்கி, "சான்தோ! சான்தோ!" என்றார். அந்த ஊர் அது தன்னை இல்லை என்பதுபோல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தேக்கு செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவர்மேல் ஏறி நின்றார். அவர் ஆத்தா ஊரைச் சொல்லிக் கேட்டதோடு சரி, அறுபது வருஷமாக அவர் வாய் திறந்து சொல்லாத பெயர் அது. இரண்டு கையையும் வாயருகே குவித்து, நெஞ்சிலிருந்து எடுத்துக் கூப்பிட்டார்.

"சுவா... தாவ்!"

பூங்காவனத்தின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

"என்னா சொன்னீங்க தேக்கு? இன்னொரு தரம் சொல்லுங்க!"

"ஊருப் பேரும்மா. எங்க பாஷையில அதோட பேரு. சுவா தாவ்."

அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கடல் பக்கம் கையக் காட்டி என்று மாரியாயி சொன்னது, மறுபடியும் மறுபடியும் சொன்னா என்று சொன்னது, எல்லாம் ஒரு நொடியில் வந்து முகத்தில் அறைந்தது. அய்யோ, அவள் சுவர் தாவவில்லை. எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கிறாள், நேர் வாசல் வழியாகச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறாள், போன பிறகு சீனாப் பக்கத்துக் கதவு அடைத்துப்போய்க் கப்பல் நின்றுபோயிருக்கிறது, இந்தப் பாவி மகள் அறுபது வருஷம் ஓடுகாலி ஓடுகாலி என்று வைதுகொண்டிருந்திருக்கிறாள். "அண்ணே, எங்கம்மா ஓடலண்ணே! ஊருக்குப் போயிருக்காண்ணே!" என்று கதறினாள். சடையப்பனுக்கும் கண் நிறைந்துவிட்டது.

அதற்குள் தேக்கின் குரலோடு சந்துக் கிழவர்கள் குரல் சேர்ந்தது, கிழவிகள் சேர்ந்தார்கள், சுவா தாவ், சுவா தாவ் என்று கூப்பிடக் கூப்பிட அந்த ஊர் தலை நிமிர்ந்தது, ஓட்டில் நிறம் ஏறியது, சட்டையில் நீலம் ஏறியது, இத்தனை நாள் அசையாமல் நின்ற நகரம் மெல்ல மெல்லக் கரைக்கு வந்தது, வந்து, சுவரில் முட்டி நின்றது. சுவர் அசையவில்லை. ஊரும் அதற்கு மேல் வரவில்லை. பின்னால் கடல் வற்றிக்கொண்டே போனது, இழுத்தது, முட்டி நின்ற ஊர் முழங்கை அளவு பின்னுக்குப் போய் மறுபடி வந்து முட்டியது, கிழவர்களுக்கு மூச்சு வாங்கியது, பேரன் பேத்திகளுக்கோ அந்த உச்சரிப்பே வரவில்லை. தேக்கு தொண்டை கம்மிச் சுவர்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

துறை ஓரத்து வீட்டு வாசலில் அந்தப் பெண் சேலையை மூங்கிலிலிருந்து உருவி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். எட்டிப் பிடித்துவிடலாம் போன்ற தூரம். நடுவில் அந்த நெஞ்சளவுச் சுவர்.

பூங்காவனம் அந்தச் சுவரைப் பார்த்தாள். அறுபது வருஷமாகப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்த சுவர். அப்போதுதான் அவளுக்குச் சட்டென்று உறைத்தது, தேக்கு சொன்னது பெயர் மட்டும்தான், நம்ம ஆட்கள் தப்பும் தவறுமாகச் சொல்லிவந்ததோ பெயரும் ஆச்சு, என்ன செய்யவேண்டும் என்பதும் ஆச்சு. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வடைக் கடை பெஞ்சுமேல் ஏறினாள், எந்தச் சொல்லுக்காகப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கடித்தாளோ அந்தச் சொல்லை அடிவயிற்றிலிருந்து எடுத்தாள்.

"சுவர்... தாவு!"

நகரம் நடுங்கியது. முன்பக்கத்துத் தூண்கள் தண்ணீரிலிருந்து ஒரு சாண் எழும்பி அமர்ந்தன.

"அண்ணே, குரல் குடு!"

சடையப்பன் மேஸ்திரி தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். கப்பலிலிருந்து எத்தனையோ பாரத்தை இறக்கியவர், ஊரை இறக்கியதில்லை, அதனால் என்ன. "ஏய் தம்பிங்களா, பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, சேந்து சொல்லுங்கடா! சுவர்ர்ர்..." என்று இழுத்தார். "தாவூ!" என்றது கூட்டம். "சுவர்ர்ர்..." "தாவூ!" நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார், சிங்கத் தலைக்குள் இருந்தவன் தலையைக் கழற்றிவிட்டுச் சொன்னான், ஆரஞ்சு வீச வந்த பெண்கள் சொன்னார்கள், அம்மனைத் தூக்கி வந்தவர்கள் தோளில் அம்மனோடு சொன்னார்கள், தேக்கு கம்மிய குரலில் அழுதுகொண்டே சொன்னார், சேதுநாதன் ஒலிபெருக்கியில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார், சீன வாயும் தமிழ் வாயும் மலாய் வாயும் ஒரே வாயாகிச் சுவர் தாவு, சுவர் தாவு என்று முழங்கிய முழக்கத்தில் அந்த ஊர் ஒரு தரம் குனிந்தது, தெரு தூண் மாடி ரிக்‌ஷா சேவல் தேநீர்க் கிண்ணம் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எம்பியது, எம்பி, அத்தனை சனத்தின் தலைக்கு மேலே ஒரு சொட்டுத் தேநீர் சிந்தாமல் சுவரைத் தாவிச் சந்துக்குள் இறங்கியது.

ஒரு முழு நகரம் ஒரு சந்துக்குள் எப்படி அடங்கியது என்று என்னைக் கேட்காதீர்கள். கல்யாண வீட்டில் பாய் விரித்தால் அத்தனை பேரும் எப்படிப் படுக்கிறார்கள்? கொஞ்சம் ஒதுங்கிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இன்றைக்கும் அந்தச் சந்துக்குள் போனால் எந்த மாடிப்படி எந்த ஊருடையது என்று சொல்லமுடியாது, கோப்பிக்கடையில் பெரிய கிளாஸும் இருக்கும், கட்டைவிரல் கிண்ணமும் இருக்கும். தகடும் மாறிவிட்டது. புதுப்பெயர் அதன் பாட்டுக்கு இருக்கிறது, அதற்கு மேலே இரண்டு டபிள்யூவோடு பழைய எழுத்து, அதற்கும் மேலே தமிழில் சுவர்தாவு என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, அதைத் தம் கையாலேயே மாட்டியவர் சேதுநாதன்.

ஆனால் அது பிறகு. அன்றைக்கு ஊர் இறங்கிப் புழுதி அடங்கியதும், துறை ஓரத்து வீட்டுக்காரி சிவப்புச் சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வடைக் கடை முன்னால் வந்து நின்றாள். முதலில் குழந்தையைத் தேடுகிறவளாகக் கீழேயே பார்த்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்து, நரைத்த தலையும் மூக்குத்தியுமாகத் தன் முகத்தையே எதிரில் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. மறந்துவிடக் கூடாது என்று நாள்தோறும் சொல்லிச் சொல்லி வைத்திருந்த தமிழைத் தேடி எடுத்தாள், எடுத்து, யாரும் சொல்லிக் கொடுக்காத விதமாக அதன் வாலைத் தானே மாற்றினாள்.

"போயிட்டு... வந்துட்டேன்."

கேட்கவேண்டும் என்று வைத்திருந்த கேள்வி பூங்காவனத்துக்கு மறந்தே போயிற்று. அறுபது வயது மகள் இருபத்தைந்து வயது அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், அம்மா அந்தச் சேலையாலேயே அவள் முகத்தைத் துடைத்தாள். பிறகு பூங்காவனம் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் பெஞ்சுமேல் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டாள், அந்தக் கூட்டத்தில் தன்னோடு படித்த கிழவர் கிழவிகள் எங்கெங்கே நிற்கிறார்கள் என்று ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் துறைமுகமே அதிரும்படி கத்தினாள்.

"பாத்துக்குங்கடா! எங்கம்மா சுவர் தாவி வந்துட்டா!"